வடைப் பேணிக்குள் இனிக் குளிசை இல்லை

சிவமயம்

பருத்தித்துறை
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் சிவதர்ஷனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வல்லிபுரத்தானுடைய கிருபையில் நாங்கள் இங்கே இருக்கிறோம், நீயும் அங்கே இருப்பாய் என்று நம்புகிறோம். சுகம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். போன வருடம் முழுக்க நான் உனக்குச் சுகம் என்று சொன்னதும் பொய், நீ எனக்குச் சுகம் என்று சொன்னதும் பொய். இனி உண்மையாக இருந்தால் மட்டும் அந்தச் சொல்லை எழுதுவோம். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் உன்னோடு கதைக்க முடியாது. நான் வாயைத் திறந்து ஒன்றைத் தொடங்கினால் நீ ஓம் அப்பா, ஓம் அப்பா, கடைக்கு ஆள் வந்திட்டுது என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பஞ்சலிங்கம் மாஸ்ரர் வருகிற வியாழக்கிழமை தன் மகளிடம் வருகிறார், அவள் இருப்பதும் உங்கள் மாநிலத்தில்தான் என்றபடியால் பார்சலையும் இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கொம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்லை. மாரி இந்தமுறை நன்றாகப் பெய்து கிணறு நிரம்பியது, பின்வளவு முருங்கை காற்றுக்கு முறிந்து மதிலில் சாய்ந்துவிட்டது. இரண்டு கிழமையாகத்தான் கடல் படுத்திருக்கிறது, விளைமீன் பிடிபடுகிறது. இழுவைப்படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிற கரைச்சல் இன்னும் தீரவில்லை. கொக்கா சுபாஜினி கிழமைக்கு நாலு தரம் வந்து எங்கள் இரண்டுபேரையும் அதட்டிவிட்டுப் போகிறாள். அவளுடைய மகள் வினோஜா சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புத்தகத்தோடு இருக்கிற நேரத்தைவிடப் போனோடு இருக்கிற நேரம்தான் கூட என்று நான் அவளைப் பேசுவேன். இனிப் பேசமாட்டேன், ஏனென்று கீழே எழுதுகிறேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி. போன சித்திரையில் உங்கள் ஊர்க் கோவிலில் இலவசமாக இரத்தம் பார்க்க வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து உனக்கும் சலரோகம், இரத்தத்தில் சீனி கூட என்று சொன்னார்கள். உனக்குக் காப்புறுதி இல்லை, காப்புறுதி இல்லாதவன் அங்கே டொக்டரின் வாசலை மிதிக்க முடியாது, கூட வேலை செய்கிற ஒருவன் தந்த மருந்துக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன் என்று நீ கொக்காவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் அதே சலரோக வருத்தம்தான், ஆனால் நம்முடைய ஆசுப்பத்திரிக் கிளினிக்கில் மாதத்துக்கு ஒருதரம் ஒரு மாதக் குளிசையை உறையில் போட்டு என் கையில் தருகிறார்கள். பாமசியில் வாங்கி உனக்கு அனுப்புகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இல்லாமல் பாமசிக்காரன் தரமாட்டேன் என்றுவிட்டான். அதனால் நான் காலைக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு, பின்னேரக் குளிசையைப் பழைய தகர மாப் பேணி ஒன்றுக்குள் சேர்த்துவைத்தேன். வெளிநாட்டுக்குப் போகிற ஆட்களிடம் வடையும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுவது எங்கள் சனத்துக்குப் புதிதா என்ன? வடைப் பேணியின் அடியில் குளிசையைப் பரப்பி, மேலே கடதாசி விரித்து, அதற்கு மேலே தட்டைவடையை அடுக்கினேன். மூன்று தரம் அப்படி அனுப்பினேன். நீ விழுங்கினதெல்லாம் என்னுடைய குளிசைதான்.

எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன். மகன் அங்கே, நான் இங்கே, ஒரே உறைக் குளிசையைப் பங்கிட்டுத் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். தை பிறந்து ஆறாம் நாள் கடற்றொழிலாளர் சங்கப் படியில் ஏறும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். ஓட்டோவில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீனி முந்நூற்று நாற்பத்திரண்டு. கிளினிக்கில் வசந்தினி என்று ஒரு நேர்ஸ் மிஸி இருக்கிறாள், சின்னப்பெட்டை, ஆனால் வாய் கூர். ஐயா, நாங்கள் தாற குளிசையை நீங்கள் போடுறியளோ, மீனுக்குப் போடுறியளோ என்று கேட்டாள். நான் காகம் உறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். ஏன் ஐயா, காகத்துக்கும் சலரோகமோ என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் சிரித்தார்கள். கொம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் பையைத் திறந்து அந்த மாப் பேணியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். வீட்டில் என் சேட்டுத் தேடப்போய் அலுமாரிக்குள் கண்டிருக்கிறாள். உள்ளே இருபத்தாறு குளிசை. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தினி பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள், உங்கடை மகனுக்கு எந்தக் குளிசை, எவ்வளவு எண்டு அவரின்ரை ரத்தத்தைப் பாத்த ஆள்தான் சொல்லவேணும் ஐயா, நீங்கள் ரெண்டுபேரும் ஆளுக்குப் பாதி வைத்தியம் செய்து ஆளுக்கு முழு வருத்தத்தைத் தேடியிருக்கிறியள், சிறுநீரகம் பழுதாய்ப் போனால் என்ன செய்வியள் என்று. நான் உனக்கு மருந்து அனுப்பினேனா, நஞ்சு அனுப்பினேனா என்று நினைத்து அழுதேன் மகன். கொம்மாவுக்கு முன்னால் அழுதது இது இரண்டாவது தரம்.

அன்றைக்கே கொக்கா உனக்குப் போன் எடுத்துக் கிழித்தாள். நான் விழுந்ததைச் சொல்லவேண்டாம் என்று அவளிடம் நான்தான் கெஞ்சினேன், அதனால் எதற்காக அக்கா இப்படிக் கத்துகிறாள் என்று உனக்கு விளங்கியிருக்காது. உன் வலது காலில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று அப்போதுதான் நீ சொன்னாயாம். அதோடு இன்னொன்றும் சொன்னாயாம். அக்கா, இங்கை சட்டம் மாறியிட்டுது, வருமானம் குறைஞ்ச எல்லாருக்கும், வதிவிடக் கடதாசி வராத ஆக்களுக்கும் மாநில அரசாங்கமே காப்புறுதி குடுக்குது, எனக்கும் கிடைக்கும், ஆனா அது ஏழையளுக்கெண்டு குடுக்கிறது, நான் அதிலை பேர் பதிஞ்சா கடை முதலாளி ஊருலகமெல்லாம் சொல்லிப்போடுவார் என்று. உன் வதிவிட வழக்குக்கு இதனால் ஒரு பழுதும் வராது என்று உன் வக்கீலே சொல்லிவிட்டாராம். ஆக மிஞ்சியிருப்பது வெட்கம் ஒன்றுதான். கண்டறியாத வெட்கம்! அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதவேண்டும், ஏனென்றால் கிழமைக் கணக்காக நான் அந்தப் பிரமிப்பிலிருந்து மீளவில்லை.

சட்டமாவது, மருந்து தருவதாவது, உவன் எங்களைப் பேய்க்காட்டுகிறான் என்றுதான் நான் சொன்னேன். வினோஜா தன் போனைத் தட்டித் தட்டி, உங்கள் சட்டசபையில் அந்தச் சட்டமூலத்தை விவாதித்த வீடியோவைப் பிடித்து ரீவியில் போட்டுவிட்டாள். மூன்றரை மணித்தியாலம். நான் கதிரையை விட்டு அசையவில்லை, பிள்ளை பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் சனங்கள் வந்து பேசினார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், முன்னால் ஒரு மணிக்கூடு. கந்தோரில் நிலம் கூட்டித் துடைக்கிற ஒரு மனிசி, வேலை உடுப்போடேயே வந்து நின்று தன் நெஞ்சுவலியைச் சொல்கிறாள். அவ்வளவு பெரிய ஆட்கள் பேனையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்கிறார்கள், அம்மா நன்றி என்று தலை குனிகிறார்கள். வேண்டாம் என்று பேசினவர்களும் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் கொடுக்க வரிப்பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கிழவர் எழும்பினார். காதில் மெசின், கோணல் கழுத்துப்பட்டி, பார்க்க எங்கள் சங்கத் தலைவர் மாதிரி ஒரு சிடுமூஞ்சி. இரண்டு வருடமாக இந்தச் சட்டமூலத்தை எதிர்த்தவராம். என் பண்ணையில் உழவு மெசின் திருத்துகிற ஒருவன் இருந்தான், அவனுக்குப் பல்லுக்கொதி வந்தது, காப்புறுதி இல்லாதபடியால் டொக்டரிடம் போகாமல் வேலை செய்துகொண்டே திரிந்தான், பல்லின் சீழ் இரத்தத்தில் ஏறிப் பதினோராம் நாள் செத்துப்போனான், நான் அவனிடம் ஒவ்வொரு நாளும் காலை வணக்கம் சொன்னேன், கன்னம் வீங்கியிருக்கிறதே என்று ஒருநாளும் கேட்கவில்லை என்றார். அவன் பெயரைச் சபையில் சொன்னார். ஏர்னெஸ்ரோ. பிறகு தன் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

மகன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பெயர் பெயராகக் கூப்பிட்டு வாக்குக் கேட்டார்கள், ஓம் என்றவர்கள் கூடினார்கள், இல்லை என்றவர்கள் கூடினார்கள், சரிக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கிழவரின் பெயரைக் கூப்பிட்டபோது நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். அம்மப்பா, இது போன வருசத்தையான் வீடியோ, முடிவு தெரிஞ்ச மாட்சுக்கு ஏன் பதறுறியள் என்று வினோஜா சிரித்தாள். பெட்டைக்கு என்ன தெரியும்? அவர் ஓம் என்றார். இரண்டு வாக்கால் வென்றது. எனக்கு அறுபத்தொன்பது வயது. இத்தனை வயதுக்குள் சட்டம் என்ற சொல்லை நான் எங்கே எங்கே கேட்டேன் என்று யோசித்துப் பார். கடலுக்குப் போகத் தடை. பாஸ் இல்லாமல் வள்ளத்தைத் தள்ளக்கூடாது. ஊரடங்குச் சட்டம், அவசரகாலச் சட்டம். மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றறிக்குத் தடை, மருந்துக்கும் தடை. நீ கைக்குழந்தையாக இருக்கும்போது உன் காய்ச்சலுக்கு ஒரு மருந்துப் போத்தல் தேடி நான் கரவெட்டிவரை சைக்கிள் உழக்கி வெறுங்கையோடு வந்ததைக் கொம்மாவிடம் கேள், அவளுக்கு முன்னால் நான் முதல்தரம் அழுதது அன்றைக்குத்தான். சட்டம் என்றால் தடுக்கிறது, பறிக்கிறது, பூட்டுகிறது என்றுதான் என் மண்டையில் ஏறியிருந்தது. ஒரு சட்டம் வந்து, முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து, உள்ளே வா, எங்கே நோகிறது என்று கேட்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சங்கச் செயலாளராகப் பதினொரு வருடம் மனு எழுதின கை இது. உங்கள் கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரிப் பதிலுக்கு மேலே நான் ஒன்றும் கண்டதில்லை. அங்கே ஒரு கூலிக்காரனுடைய பல்லுக்கொதி சட்டமாகியிருக்கிறது. அடேயப்பா!

கொம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வல்லிபுரக் கோவிலுக்குப் போய் ஏர்னெஸ்ரோவின் பெயருக்கு ஒரு நெய்விளக்கு வைத்தாள். ஐயர் நட்சத்திரம் என்ன என்று கேட்டாராம். தெரியாது ஐயா, பல்லுக்கொதியிலை செத்த பிள்ளை எண்டு சொன்னாளாம். அவர் பெயரை மட்டும் சொல்லி அர்ச்சனை செய்தாராம்.

இனி உன் வெட்கத்துக்கு வருவோம். கிளினிக் நாளில் நான் இருக்கிற வாங்குப் பலகையில் எனக்கு ஒருபக்கம் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், மறுபக்கம் மீன் வெட்டுகிற மனிசி. எங்கள் மூன்றுபேருக்கும் ஒரே உறை, ஒரே குளிசை. உன் வருமானம் என்ன, நீ ஏழையா என்று என்னை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. நான் அதை ஒரு அதிசயமாக நினைத்ததும் இல்லை, மருந்து தர நேரம் செல்கிறது என்று குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது யோசிக்கிறேன், இதற்கும் எங்கேயோ ஒரு நாள் யாரோ ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும், நான் பிறக்க முன்னமே என்னை நினைத்திருக்க வேண்டும். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை. அந்த வாங்கில் இருக்க உன் அப்பனுக்கு வெட்கம் இல்லை, உனக்கு மட்டும் எங்கிருந்தடா வந்தது? பக்கத்து வீட்டுச் சீவரத்தினத்தாரை நினைத்துப் பார். காலடியில் ஆசுப்பத்திரி இருந்தும், கால் விரலில் ஒரு சின்னப் புண்தானே, இதற்கெல்லாம் போய்க் காட்டினால் சிரிப்பார்கள் என்று இருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது கடற்கரைக்கு வந்தால் கதிரை போட்டுத்தான் இருத்துகிறோம். உன் காலில் புண் என்று கேட்ட நாளிலிருந்து நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதே இல்லை. கடை முதலாளி சொன்னால் சொல்லட்டும். ஊரில் யாராவது கேட்டால், ஓம், என்ரை மகன் அரசாங்க மருந்துதான் எடுக்கிறான், அதுக்கென்று ஒரு சபையே கூடிச் சட்டம் போட்டது எண்டு நான் சங்கத்து ஒலிபெருக்கியிலேயே சொல்லுவேன். நீ காலடி வைக்காத சபையில் உனக்காக ஓம் சொல்லியிருக்கிறார்கள் மகன். அதை வேண்டாம் என்று சொல்ல நீ ஆர்?

பார்சலில் மிளகாய்த்தூள், ஒடியல்மா, கருவாடு எல்லாம் இருக்கிறது, கருவாட்டைக் கொம்மா நாலு பை சுற்றியிருக்கிறாள், மாஸ்ரரின் உடுப்பு மணக்கக்கூடாது என்று. வடைப் பேணியில் இந்தமுறை வடை மட்டும்தான். கடதாசியைக் கிளப்பிப் பார்க்காதே, கீழே ஒன்றும் இல்லை. அலுமாரியில் இருந்த குளிசையை வசந்தினி வாங்கிவைத்துக்கொண்டாள். இப்போது நான் இரண்டு வேளையும் முழுதாகப் போடுகிறேன், கொம்மா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள், ஏதோ சின்னப்பிள்ளை போல. போன கிழமை சீனி நூற்றி எழுபத்தொன்று. ஆகவே உனக்கு அனுப்ப என்னிடம் இனி ஒரு குளிசையும் மிச்சம் இல்லை. மிச்சம் இருந்தாலும் அனுப்பமாட்டேன்.

பேணிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இங்கே கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொருவரும் தன் கொப்பியைத் தானே கொண்டுபோகவேண்டும், டொக்டர் அதில்தான் எழுதுவார், உனக்கும் தெரியும். அங்கை எல்லாம் கொம்பியூட்டர் அம்மப்பா, கொப்பியைக் கண்டால் சிரிப்பினம் என்று வினோஜா சொல்கிறாள். சிரித்தால் சிரிக்கட்டும். நீ பள்ளிக்கூடம் போகும்போது செய்தது போலக் கொம்மா அதற்கு உறை போட்டுத் தந்தாள். முதல் பக்கத்தில் நா. சிவதர்ஷன், வயது முப்பத்துநாலு என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அடுத்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கத்தைய டொக்டர் அதில் எழுதினதைப் படம் எடுத்து வினோஜாவின் போனுக்கு அனுப்பு. அதைக் கண்ட அன்றைக்கு நான் உனக்கு எழுதுவேன், முதல் வரியிலேயே நாங்கள் சுகம் என்று.

வல்லிபுரத்தான் உன் காலையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நீ நீடூழி வாழவேண்டும். காப்புறுதிப் படிவம் மூன்று பக்கம்தான் என்று கொக்கா சொன்னாள், பஞ்சிப்படாமல், நாளைக்கென்று தள்ளாமல், வடை தின்ன முன்னம் நிரப்பு, எண்ணெய்க் கையோடு தொடாதே. மாஸ்ரருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பு, உன் தேத்தண்ணிக்குச் சீனி போடாதே.

இப்படிக்கு,
தன் குளிசையை இனித் தானே முழுதாக விழுங்குகிற,
உன் அன்பு அப்பா
க. நாகலிங்கம்